தவறுதலாகப் பாய்ந்த தோட்டாவுக்கு யார் பொறுப்பு?

(ஜுமுஆ பயானின் எழுத்து வடிவம்)

 



சில நாட்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து நான் அறைக்குள் நுழையும்போது நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் வந்து என் உள்ளங்கையில் ஒரு சின்ன ஈயத்துண்டை வைத்தார். மிளகு அளவுதான் இருக்கும். “இது என் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியா வந்துச்சு ஹஜ்ரத். என் மருமக அடுப்புக்கிட்ட நின்னுட்டு இருந்தா” என்றார். விசாரித்தால், பக்கத்து மாடியில் ஒரு பையன் ஏர்கன் வைத்துக்கொண்டு புறா சுட்டுப் பழகியிருக்கிறான். பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன். அவனுடைய அத்தாவிடம் கேட்டேன். “அதுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லைங்க ஹஜ்ரத், பொம்மைத் துப்பாக்கி மாதிரிதான்” என்றார்.

லைசென்ஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். 2016ஆம் வருட ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் பொம்மை என்று சொன்னாரே, அதில்தான் எனக்குப் பயம் வந்தது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். அரசாங்கம் உரிமம் கேட்கவில்லை என்பதால் அல்லாஹ்வும் கணக்குக் கேட்க மாட்டான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமா?

இதைப் பற்றி இன்று பேசலாமா வேண்டாமா என்று யோசித்தேன். துப்பாக்கி, ஆயுதம் என்ற வார்த்தைகளைக் கோயம்புத்தூரில் ஒரு மிம்பரில் உச்சரிக்கவே தயக்கமாக இருக்கிறது. 1998க்குப் பிறகு இந்த ஊரில் எல்லாருக்குமே அந்தத் தயக்கம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் பேசாமல் விட்டால் அந்தப் பையனுக்கு யார் சொல்வது? அவன் யூடியூபில் பார்த்துப் பழகிக்கொள்கிறான். மார்க்கம் என்ன சொல்கிறது என்பது மட்டும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2021 டிசம்பர் 30ஆம் தேதி. பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்தைத் தாண்டி, எட்டத்தில், தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. இன்னொரு தோட்டா வீட்டுச் சுவரில் பதிந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், அறுவை சிகிச்சை செய்து தோட்டாவை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தப் பிள்ளை இறந்துபோனான். முதலமைச்சர் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தார், அந்தத் தளத்தை மூடச் சொல்லி ஊர் மக்கள் போராடினார்கள்.

அந்தக் குழந்தையை யாரும் குறி வைக்கவில்லை. சுட்டவருக்கு அவன் யார் என்றே தெரியாது. பயிற்சி பெற்ற ஆள், அனுமதி பெற்ற இடம், அரசாங்கம் கொடுத்த துப்பாக்கி. எல்லாம் முறைப்படி இருந்தும் ஒரு தாயின் மடி காலியாகிவிட்டது. இப்போது கேள்வி: இதை “விபத்து” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமா? “கத்ரு, அல்லாஹ்வின் விதி” என்று சொல்லி முடித்துவிடலாமா?

விதி என்பதை நாம் நம்புகிறோம். ஆனால் அதே விதியை நம்பச் சொன்ன மார்க்கம்தான், தவறுதலாக ஒரு உயிரைப் போக்கியவன்மீது இரண்டு கடமைகளைச் சுமத்தியிருக்கிறது. சூரா அந்நிஸாவின் 92ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். ஒரு முஃமின் இன்னொரு முஃமினைக் கொல்வது என்பது தவறுதலாகவே தவிர நடக்கவே கூடாத ஒன்று என்று அல்லாஹ் ஆரம்பிக்கிறான். பிறகு, அப்படித் தவறுதலாக நடந்துவிட்டால் ஒரு அடிமையை விடுதலை செய்ய வேண்டும், இறந்தவரின் குடும்பத்தாரிடம் தியத் என்னும் இழப்பீட்டை ஒப்படைக்க வேண்டும் என்கிறான். அடிமை கிடைக்காதவர் இரண்டு மாதம் இடைவிடாமல் நோன்பு வைக்க வேண்டும். இறந்தவர் நம்மோடு உடன்படிக்கை செய்துகொண்ட சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் அவருக்கும் இதே தியத்தும் இதே கஃப்பாராவும் உண்டு என்று அந்த வசனமே சொல்கிறது. நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில் தியத்தின் அளவிலும் வித்தியாசம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவர் உயிரின் விலை ஒன்றுதான். இதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன், காரணம் பிறகு வரும்.

தவறுதலான கொலை, அதாவது கத்லுல் கதஃ, இரண்டு வகை என்று ஃபிக்ஹு நூல்களில் படித்திருக்கிறோம். ஒன்று செயலில் தவறுவது: ஒரு இலக்கைக் குறிபார்த்து எய்கிறான், அம்பு வேறு பக்கம் போய் மனிதன்மேல் படுகிறது. இன்னொன்று எண்ணத்தில் தவறுவது: வேட்டைப் பிராணி என்று நினைத்து எய்கிறான், அது மனிதனாக இருக்கிறது. அம்பு, வில் என்று எழுதி வைத்தார்கள். அதை எடுத்துவிட்டுத் துப்பாக்கி என்று போட்டுப் படித்தால் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. நார்த்தாமலையில் நடந்தது முதல் வகை.

இரண்டாம் வகைக்கு 2012 பிப்ரவரி 15ஆம் தேதியைச் சொல்லலாம். கேரளக் கடலில் எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்துவிட்டோம் என்பது அவர்கள் தரப்பு. இறந்த இருவரும் மீனவர்கள், அதில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஒன்பது வருடம் வழக்கு நடந்து, பத்து கோடி ரூபாய் இழப்பீடு கட்டிய பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்து வைத்தது. குடும்பத்துக்கு நான்கு கோடி, படகு உரிமையாளருக்கு இரண்டு கோடி. நாடுகளுக்கு இடையே நடந்த வழக்கு என்பதால் இவ்வளவு தூரம் வந்தது. காட்டில், தோட்டத்தில், இருட்டில் இதே தவறு நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் நான்கு கோடி கொடுக்கப் போகிறார்கள்?

இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடு சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன், கடலைக் காட்டுக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்று இவரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகனும் இரவுக் காவல் இருந்திருக்கிறார்கள். கையில் நாட்டுத் துப்பாக்கி. உரிமம் எல்லாம் கிடையாது. நடுச்சாமத்தில் அந்த நண்பர் எழுந்து ஒரு சுற்று போயிருக்கிறார், இவரிடம் சொல்லவில்லை. இவர் கண் அசந்து விழித்தவர், சோளத்தட்டுக்குள் ஏதோ அசைவதைப் பார்த்திருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். சுட்டுவிட்டார். மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

வழக்கு நடந்தது, தண்டனையும் அனுபவித்தார். வெளியே வந்தபின் ஊரில் இருக்க முடியாமல் கோயம்புத்தூருக்கு வந்து மில்லில் வேலை பார்த்து, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டார். இப்போது எங்கேயோ ஒரு புத்தகத்தில் இந்த வசனத்தின் விளக்கத்தைப் படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்: “அறுபது நாள் நோன்பாமுங்களே ஹஜ்ரத், எனக்குச் சர்க்கரைங்க, இன்சுலின் போடறேன். அதுக்குப் பதிலா ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டா ஆகாதுங்களா?”

நான் என்ன சொல்வேன்? ரமளான் நோன்பை வேண்டுமென்று முறித்ததற்கான கஃப்பாராவில் அறுபது ஏழைகளுக்கு உணவளிப்பது இருக்கிறது. ழிஹாரிலும் இருக்கிறது. கொலையின் கஃப்பாராவில் அல்லாஹ் அதைச் சொல்லவில்லை. நம் மத்ஹபிலும், ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்திலும் இங்கே உணவு ஈடாகாது. நோன்புதான், அதுவும் தொடர்ச்சியாக, நடுவில் ரமளானோ பெருநாளோ குறுக்கிடாதபடி பார்த்துத் தொடங்க வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து. முடியாதவர்மேல் அது கடனாக நிற்கும், முடியும் காலம் வந்தால் வைக்க வேண்டும், அதுவரை பாவமன்னிப்புத் தேட வேண்டும். இருபத்தைந்து வயதில் யாராவது இதை அவருக்குச் சொல்லியிருந்தால் வைத்து முடித்திருப்பார். நாங்கள் ஆலிம்கள் சொல்லவில்லை. நான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாலும், இந்தக் குறை எங்கள்மீது இருக்கிறது என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன்.

“வேண்டுமென்று செய்யவில்லையே, அப்புறம் எதற்குக் கஃப்பாரா?” என்று ஒரு கேள்வி எழும். மதரஸாவில் ஹிதாயா படிக்கும்போது எனக்கும் எழுந்தது. அதன் ஆசிரியர் இமாம் மர்கீனானி (ரஹ்) எண்ணூறு வருடத்துக்கு முன்பே இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். தவறுதலாகக் கொன்றவன்மேல் கொலை செய்த பாவம் இல்லை. ஆனாலும் அவன் பாவமே இல்லாதவனும் அல்ல. எய்யும் நேரத்தில் காட்ட வேண்டிய உறுதியையும், நன்றாக ஊர்ஜிதம் செய்துகொள்வதையும் விட்டுவிட்டானே, அதுதான் அவன் பாவம். கஃப்பாரா கடமையாக்கப்பட்டதே அதற்கு அடையாளம் என்கிறார். கவனித்தீர்களா? விரல் தவறியதற்கு அல்ல, விரலை வைப்பதற்கு முன் பார்க்காமல் விட்டதற்கு.

நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் துப்பாக்கி இல்லை. ஆனால் இன்று துப்பாக்கிப் பயிற்சியில் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற விதிகளைப் பாருங்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை. சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. ஹதீஸ் நூல்களைத் தெரிந்தவருக்கு இவை புதிதாகவே தோன்றாது.

சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டக் கூடாது, ஏனென்றால் ஷைத்தான் எப்போது கையிலிருந்து அதை இழுத்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியாது, அதனால் நரகக் குழியில் விழுந்துவிடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. “அவனுக்குத் தெரியாது” என்ற அந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். ‘உள்ளே குண்டு இல்லைடா’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நீட்டுகிற எல்லாருக்கும் அது பொருந்தும். முஸ்லிமில் வரும் இன்னொரு அறிவிப்பில், கூடப் பிறந்த சொந்தச் சகோதரனாகவே இருந்தாலும் இரும்பை நீட்டியவனை, அதை விடும்வரை மலக்குகள் சபிக்கிறார்கள் என்று வருகிறது. கூடப் பிறந்தவனை யார் கொல்ல நினைப்பார்கள்? விளையாட்டுக்குத்தான் நீட்டுவார்கள். அந்த விளையாட்டைத்தான் தடுத்தார்கள்.

உருவிய வாளைக் கைமாற்றுவதையும் தடுத்தார்கள், ஜாபிர் (ரலி) அறிவிப்பு அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. சிலர் அப்படிக் கைமாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, பார்த்து முடித்தால் உறையில் போட்டுப் பிறகு கொடுங்கள் என்று சொன்னதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு சினிமாப் படப்பிடிப்பில் நடிகர் கையில் கொடுத்த துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்தது. காலியாக இருக்கிறது என்று சொல்லியே கொடுத்தார்கள். ஒத்திகையில் வெடித்து ஒரு பெண் ஒளிப்பதிவாளர் இறந்தார். ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவருக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. திறந்து காட்டிக் கொடுத்து, வாங்கியவரும் திறந்து பார்த்திருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருந்திருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்த ஹதீஸ் ஒன்று உண்டு. ஒருவர் மஸ்ஜிதுக்குள் அம்புகளைக் கொண்டு வந்து மக்களுக்குத் தர்மமாக வழங்கிக்கொண்டிருந்தார். அவரிடம், அம்பு முனைகளைப் பிடித்துக்கொண்டே நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மஸ்ஜிதிலோ சந்தையிலோ அம்போடு நடப்பவர் எல்லாரும் அப்படித்தான் நடக்க வேண்டும், யார்மேலும் கீறிவிடக் கூடாது என்று அபூமூஸா (ரலி) அவர்களின் அறிவிப்பில் பொதுவாகவே வருகிறது. யோசித்துப் பாருங்கள். அவர் செய்துகொண்டிருந்தது தர்மம். இருந்த இடம் மஸ்ஜிதுன் நபவி. ‘நல்ல காரியம்தானே செய்கிறார்’ என்று விட்டுவிடவில்லை. கூரான முனை எந்தக் கைக்குள் இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

விரலால் கல்லைச் சுண்டி எறிவதைக்கூட, அதனால் வேட்டையும் கிடைக்காது, எதிரியும் வீழ மாட்டான், பல்தான் உடையும், கண்தான் போகும் என்று சொல்லித் தடுத்திருக்கிறார்கள். இந்த ஹதீஸைச் சொன்ன அப்துல்லாஹ் பின் முகஃப்பல் (ரலி), சொன்ன பிறகும் கல் எறிந்த உறவினரிடம் இனிப் பேச மாட்டேன் என்றே சொல்லிவிட்டார்கள். மாடியில் புறா சுடுகிற பையனின் அத்தாவுக்கு இதைவிடத் தெளிவாக நான் எதைச் சொல்ல?

கோவையிலும் ரைபிள் கிளப் இருக்கிறது. பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள், ஒழுக்கத்தோடு பழகட்டும். அம்பெய்யப் பழகுவது சுன்னத்தான விஷயம், அதை நான் தடுக்கவில்லை. பாயின்ட் 22 என்கிற சின்னத் தோட்டாவே ஒன்றரை மைல்வரை போகக்கூடியது என்று அங்கே முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடக் கூடாது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும்.

நம் பகுதியில் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குறைவு. பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய விவசாயிகள், வங்கிக் காவலாளிகள், அவ்வளவுதான். அவர்களுக்கு விதிகள் தெரியும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பதுவரை தெரியும். வட இந்தியாவில் கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிற வழக்கம் நமக்கு இல்லை, அல்ஹம்து லில்லாஹ். 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி அதற்கு இரண்டு வருடம்வரை சிறை வைத்திருக்கிறார்கள்.

நம் கொங்கு மண்ணின் ஆபத்து வேறு. அது மலையடிவாரத் தோட்டங்களில் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்தையும் இரும்புக் குண்டையும் குழல் வாய் வழியாகப் போட்டு இடித்து நிரப்புகிறார்கள். நிரப்பிவிட்டால் எளிதில் காலி செய்ய முடியாது. அதனால் நிரப்பிய துப்பாக்கி அப்படியே சாளையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும், குழந்தைகள் ஓடி விளையாடுகிற இடத்தில். குழல் வெடித்துச் சுட்டவர் கையே போவதும் உண்டு. வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், முறைப்படி ஒப்படைத்துவிடச் சொல்லுங்கள். போலீசாரே பல மலை மாவட்டங்களில் ஒப்படைக்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

பிறகு அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாமிசத்துக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் பன்றி வருகிற பாதையில் போட்டுவிடுவது. பன்றி வரும் என்றுதான் போடுகிறார்கள், மாடு கடிக்கிறது, வாய் கிழிகிறது. யானை கடிக்கிறது. 2020 மே மாதம் நமக்குப் பக்கத்தில் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த காயைக் கடித்த ஒரு கர்ப்பிணி யானை, வாயில் புண்ணோடு ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததை உலகமே பார்த்தது. மின்வேலியும் அப்படித்தான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம், திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் இப்படிக் கம்பியில் மாட்டி இறக்கிறார்கள்.

போட்டவர் அந்த நேரத்தில் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்பார். நம் ஃபுகஹாக்கள் இதற்கென்றே ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள், கத்லு பிஸ்ஸபப், காரணமாக அமைந்து கொல்வது. அவர்கள் சொன்ன உதாரணம், தனக்கு உரிமையில்லாத வழியில் கிணறு தோண்டியவன், கல்லை வைத்தவன். யாராவது அதில் விழுந்து செத்தால் தியத் கடமையாகும். ஹனஃபி மத்ஹபில் இதற்குக் கஃப்பாரா இல்லை, ஷாஃபி மத்ஹபில் அதுவும் உண்டு. தோண்டியவன் அந்த நேரத்தில் எந்த ஊரில் இருந்தான் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

விவசாயிகளின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே இரவில் ஒரு ஏக்கர் கடலையைப் பன்றி உழுதுவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அரசு ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். மூன்றுக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர்தான், நாம் அல்ல. தாமதமாகும், மனு கொடுத்து அலைய வேண்டியிருக்கும், எல்லாம் உண்மை. ஆனாலும் அலைச்சலைத் தாங்கிக்கொள்ளலாம், ஒரு கஃப்பாராவைத் தாங்க முடியாது.

நம் நாட்டுச் சட்டத்தில் தியத் இல்லை. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவில் இரண்டு வருடம்வரை தண்டனை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அது ஐந்து வருடம்வரை என்று ஆகியிருக்கிறது. வக்கீலுக்குக் கொடுத்து, சாட்சியைச் சரிக்கட்டி வெளியே வந்துவிட்டால் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. நீதிமன்றம் விடுதலை செய்தாலும் கஃப்பாரா விடுதலை செய்யாது. நீதிமன்றம் தண்டித்தாலும் அது கஃப்பாராவுக்குக் கழிவாகாது.

தியத் எவ்வளவு தெரியுமா? நூறு ஒட்டகம், அல்லது ஆயிரம் தீனார் தங்கம். இன்றைய எடையில் நாலு கிலோவுக்கும் மேல். ஏழை எங்கே போவான்? அதனால் தவறுதலான கொலையில் அதைக் கொல்பவன் மட்டும் கட்டுவதில்லை, அவனுடைய ஆகிலா, அதாவது அவன் கூட்டத்தார், மூன்று வருடத்தில் கட்ட வேண்டும் என்பது சட்டம். ‘ஒருவன் செய்ததற்கு ஊரார் ஏன் கட்ட வேண்டும்?’ ஹிதாயாவில் இதற்கும் பதில் இருக்கிறது. தன் கூட்டத்தின் பலத்தை நம்பித்தான் அவன் அலட்சியமாக இருந்தான், அவனைக் கண்காணிக்காமல் விட்ட குறை அவர்களுடையது என்கிறார். ஏர்கன் வாங்கிக் கொடுத்த அத்தா, அதைப் பார்த்தும் பேசாமல் போன பக்கத்து வீட்டுக்காரர், செய்தி தெரிந்தும் மிம்பரில் பேசத் தயங்கிய நான், எல்லாரும் அந்தக் கணக்கில் வருகிறோம்.

உஹதுப் போரில் ஹுதைஃபா (ரலி) அவர்களின் தந்தை யமான் (ரலி) முஸ்லிம்கள் கையாலேயே கொல்லப்பட்டார்கள். வயதானவர், கோட்டையில் பெண்களோடு இருக்க வைத்திருந்தார்கள், ஷஹாதத்தை ஆசைப்பட்டுப் போர்க்களத்துக்கு வந்துவிட்டார்கள். குழப்பத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ‘என் தந்தை, என் தந்தை’ என்று ஹுதைஃபா கத்திக்கொண்டிருக்கும்போதே வாள்கள் இறங்கிவிட்டன. அவர்கள் செய்ததெல்லாம், உங்களை அல்லாஹ் மன்னிப்பானாக என்று சொன்னதுதான். நபி (ஸல்) அவர்கள் தியத்தைக் கொடுக்க முன்வந்தார்கள். ஹுதைஃபா அதை முஸ்லிம்களுக்கே தர்மமாக விட்டுவிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பேசும்போது ஹுதைஃபாவின் பெருந்தன்மையைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதில் வரிசை முக்கியமாகப் படுகிறது. மன்னிப்பு கிடைத்துவிட்டதே என்று நபி (ஸல்) அவர்கள் தியத்தை நிறுத்தி வைக்கவில்லை. கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்க முன்வந்தார்கள், விட்டுக்கொடுக்க உரிமை உள்ளவர் விட்டுக்கொடுத்தார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். பைக்கில் இடித்தாலும் சரி, எதில் இடித்தாலும் சரி, முதலில் நாலு பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு போய், ‘விடுங்க, விதி, மன்னிச்சிடுங்க’ என்று பாதிக்கப்பட்டவர் வாயிலிருந்து மன்னிப்பைப் பிடுங்கிக்கொண்டு வருகிறோம்.

அந்தப் பெரியவர் கதைக்கு வருகிறேன். நோன்பு பற்றிப் பேசி முடித்த பிறகு அவரிடம் கேட்டேன்: “இறந்தவரோட வீட்டுல யார் பாய் இருக்காங்க?”

“அவங்க அம்மா இருக்காங்களாமுங்க ஹஜ்ரத். எண்பத்தஞ்சு இருக்கும்.”

“போய்ப் பார்த்தீங்களா?”

தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது வருடம் போகவில்லை. முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. இறந்த நண்பர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்ல, அதனாலும் ஒரு பயம். போனால் பழைய தீ மறுபடி பற்றிக்கொள்ளுமோ என்று. அதனால்தான் தொடக்கத்திலேயே அந்த வசனத்தில் உடன்படிக்கைச் சமூகத்தவர் பற்றி வருவதை அழுத்திச் சொன்னேன். அவருக்கும் அதைத்தான் சொன்னேன். வாங்க, நானும் வருகிறேன் என்றேன்.

போன மாதம் போனோம். ஓய்வுப் பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கண் சரியாகத் தெரியவில்லை. மகள்தான் எங்களை யாரென்று கேட்டார். இவர் பெயரைச் சொன்னதும் அந்த மகள் முகம் மாறிவிட்டது, உள்ளே போய்விட்டார். இவர் அந்த அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். பேச்சு வரவில்லை. நான்தான் இன்னார் என்று சொன்னேன்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “கடைசியா அவன் ஏதாச்சும் சொன்னானா?”

நாற்பது வருடமாக அந்தத் தாய்க்கு அது தெரியாது. வண்டியில் கூட இருந்தது இவர் மட்டும்தான்.

“தண்ணி கேட்டானுங்கம்மா.”

“குடுத்தயா கண்ணு?”

“குடுத்தேனுங்க.”

பணத்தை அவர்கள் அன்று வாங்கவில்லை. பேத்தியின் காலேஜ் கட்டணம் பற்றிப் பிறகு அந்த மகளும் இவரும் பேசிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன், அது அவர்களுக்கு இடையே உள்ளது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, குளிர்காலத்தில் பகல் குறையும்போது நோன்பைத் தொடங்கிப் பார்க்கிறேன் என்கிறார். முடியுமா என்று எனக்குத் தெரியாது. துஆச் செய்யுங்கள்.

ஏர்கன் இப்போது என் அறை அலமாரியில் பூட்டி இருக்கிறது. அந்தப் பையன் தானாகக் கொண்டு வந்து கொடுத்தான். சமையலறை ஜன்னல் வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். கண்ணாடிக்கான காசு அவனுடைய அத்தா கொடுக்கட்டும், ஆனால் அவன் கையால் கொடுக்கட்டும் என்றேன். இன்று அஸருக்குப் பிறகு போகிறான்.

யா அல்லாஹ், நார்த்தாமலையில் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும், தவறுதலால் உறவை இழந்த எல்லா வீட்டாருக்கும் பொறுமையைக் கொடுப்பாயாக. தவறுதலாகச் சுட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்களின் தவ்பாவை ஏற்றுக்கொள்வாயாக. அந்தப் பெரியவருக்கு நோன்பு வைக்கும் உடல் வலிமையைக் கொடுப்பாயாக. எங்கள் கைகளால் எவருடைய உயிருக்கும் தீங்கு வராமல் எங்களைக் காப்பாயாக. ஆமீன்.